பேராயர் வேண்டும், தனியாட்சி வேண்டாம்

தென்னிந்தியத் திருச்சபையின் ஆளுகை குறித்து எங்கள் நிலைப்பாடு

பேராயர் ஒருவரின் ஆளுகைக்கு உட்பட்ட திருமண்டலத்தில் ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் இரண்டு குரல்கள் எழுகின்றன. பேராயர் பதவியையே எடுத்துவிட வேண்டும் என்கிறது ஒரு குரல். பேராயர் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர், அவரிடம் கணக்குக் கேட்பது பாவம் என்கிறது இன்னொன்று. சபையாரும் குருமாரும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு இரண்டையும் ஏற்கவில்லை. பேராயர் பதவி தொடர வேண்டும். ஆனால் திருச்சபைச் சொத்து, பள்ளி கல்லூரி நியமனம், குருமார் மாறுதல் ஆகிய மூன்றும் பேராயரும் அவரைச் சுற்றியுள்ள சிலரும் மட்டும் தீர்மானிக்கும் காரியமாக இருக்கக் கூடாது.

இதைப் புதுமை என்று சொல்பவர்கள் 1919-க்குத் திரும்பிப் போகட்டும். அந்த ஆண்டு மே மாதம் சபைகளை ஒன்றிணைப்பது பற்றிப் பேசத் தரங்கம்பாடியில் கூடிய குருமார்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களில் ஒருவர். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவர். மறுபக்கத்தில் 1908-ல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையின் குருமார் இருந்தார்கள். இவர்களில் மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷன் சபைகள், சபை கூடித் தன் காரியத்தைத் தானே முடிவுசெய்யும் மரபில் வளர்ந்தவை. ஸ்காட்லாந்து மிஷன்களின் வழிவந்தவை மூப்பர் சங்கங்களால் ஆளப்பட்டவை. பேராயரோடு இவர்கள் எப்படி ஒன்றுசேர முடியும்? அந்தக் கூட்டத்தின் அறிக்கை கொடுத்த பதில்: சபையார் அனைவரின் பங்கு, பிரதிநிதிகள் கூடும் மன்றம், நிர்வாகப் பொறுப்பேற்கும் பேராயர் ஆகிய மூன்றும் திருச்சபைக்குத் தேவை, ஆனால் மூன்றில் எதுவும் முழு அதிகாரம் உடையதல்ல.

அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சு நடந்தது. 1945 புத்தாண்டு நாளில் அசரியா இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நடந்த, தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கிய இணைப்பை அவர் காணவில்லை. இணைந்த ஒவ்வொருவரும் விலை கொடுத்தார்கள். தங்கள் வரலாற்றில் பேராயரையே அறியாத சபைகள் பேராயரை ஏற்றன. பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்களை மறு அபிஷேகம் இல்லாமலே ஆங்கிலிக்கர்கள் ஏற்றார்கள். அது பொறுக்காமல் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்கள் பல காலம் வெளியே நின்றார்கள். பேராயர் அமைப்புவிதிகளுக்கு உட்பட்டே நடப்பார் என்ற உறுதியை நம்பித்தான் மதுரைச் சபைகள் தலையசைத்தன. அந்த உறுதி தளரும்போது உடைவது ஒரு விதி மட்டுமல்ல, இணைப்பின் ஒப்பந்தமே.

ஆதித் திருச்சபையின் பெயரைச் சொல்லித் தனியாட்சிக்கு நியாயம் தேடுவோருக்கு ஒரு வார்த்தை. அப்போஸ்தலர் காலத்தில் எபேசு சபையை மேய்த்தவர்கள் மூப்பர்கள் பலர். நகரத்துக்கு ஒரு பேராயர் என்ற முறை, இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தியோகியா இக்னேஷியஸின் கடிதங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. பேராயரின் மேன்மையை யாரையும்விட அழுத்தமாகச் சொன்னவர் கார்த்தேஜின் சிப்ரியான். பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்று வாதிட்டவர் அவர். 250-ல் பேரரசன் டீசியஸ் காலத்துத் துன்புறுத்தலில் அவர் தலைமறைவாக இருந்தபோது, நான்கு மூப்பர்கள் ஒரு காரியத்தில் முடிவு கேட்டு எழுதினார்கள். அவர் முடிவு சொல்லவில்லை. பேராயரான நாள்முதல் உங்கள் ஆலோசனையும் மக்களின் சம்மதமும் இல்லாமல் என் சொந்தக் கருத்தில் எதையும் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன், எனவே என்னால் தனியாகப் பதில் சொல்ல இயலாது என்ற பொருளில் மறுமொழி எழுதினார். உயிருக்கு ஆபத்து, ஊரில் குழப்பம். அவசரம் என்று சொல்லி எதையும் தீர்மானித்திருக்கலாம். ஆனாலும் காத்திருந்தார். அவசரக் கூட்டம் என்ற பெயரில் நிலம் குத்தகைக்குப் போகும் இந்நாளில், இந்தக் கடிதத்தைத் திருமண்டல அலுவலகங்களில் உரக்க வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

அப்படியானால் எல்லாரும் வாக்களித்தே பேராயரைத் தேர்ந்தெடுக்கலாமே என்று எங்களுக்குள்ளேயே இளைஞர்கள் கேட்டார்கள். நீண்ட விவாதத்துக்குப் பின் வேண்டாம் என்று முடிவுசெய்தோம். 366-ல் ரோம் நகரப் பேராயர் பதவிக்கு தமாசஸுக்கும் உர்சினஸுக்கும் நடந்த போட்டியில், ஒரே நாளில் ஒரு தேவாலயத்துக்குள் 137 பிணங்கள் கிடந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதிவைத்திருக்கிறார். மக்கள் கூட்டமும் விலைபோகும், வெறிகொள்ளும். 325-ல் நிசேயா சங்கம் ஒரு பேராயரை நியமிக்கக் குறைந்தது மூன்று பேராயர்கள் கூட வேண்டும் என்று விதித்தது. உள்ளூர்க் கட்சிகளுக்கு வெளியே இருப்பவர்களின் பார்வைக்கு இடம் தந்த விதி அது. இன்று திருமண்டலத்தின் பிரதிநிதிகள் கூடும் பெருமன்றம் பெயர்ப்பட்டியல் தர, அதிலிருந்து திருச்சபை முழுவதற்குமான உச்ச மன்றமாகிய சினாடு ஒருவரை நியமிக்கும் முறையும் அதே அடிப்படையில் நல்லதுதான். அம்முறையைக் கெடுத்தது அதைச் சூழ்ந்த பணம்.

பணம் ஏன் வந்தது என்பதை மூடிமறைக்க வேண்டாம். அரசு உதவிபெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் என்றால் ஓய்வுபெறும்வரை அரசுச் சம்பளம். அந்த இடத்தை நிரப்பும் அதிகாரம் திருமண்டல நிர்வாகத்திடம் இருக்கிறது. ஆகவே குருவானவர் ஒருவரின் பொறுப்பில் உள்ள சேகரத்தின் கமிட்டித் தேர்தலுக்கே வேன் வைத்து ஆள் கூட்டி வருகிறார்கள். சேகரத்தில் ஜெயித்தவர்தான் பெருமன்றத்துக்குப் போவார், பெருமன்றத்தைப் பிடித்தவர் நியமனத்தைப் பிடிப்பார். ஒரே பாடல்குழுவில் நின்று பாடியவர்கள் இரண்டு அணியாகி, ஆராதனை முடிந்ததும் முகம் பார்க்காமல் வீட்டுக்குப் போகிறார்கள். 1919-ல் தரங்கம்பாடியில் உட்கார்ந்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட நிலையில் வெளியேறுவதையே வழியாகக் கண்டவர்களும் உண்டு. 1843 மே மாதம் ஸ்காட்லாந்தில், சபை விரும்பாத குருவை நிலக்கிழார் திணிக்கும் உரிமையை எதிர்த்து சுமார் 470 குருமார் அரசு சபையை விட்டு வெளியேறினார்கள். வீடும் சம்பளமும் போயின. நாங்கள் யாரையும் வெளியேறச் சொல்லவில்லை. இந்தத் திருச்சபை இணைப்பில் பிறந்தது, பிரிவினை அதற்கு மருந்தல்ல.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. ஆசிரியர், பேராசிரியர் நியமனத்தைத் திருமண்டல நிர்வாகக் குழுவில் இல்லாத கல்வியாளர் குழுவிடம் விட வேண்டும். மதிப்பெண் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஒரு சேகரத்தின் நிலத்தையோ கட்டடத்தையோ விற்கவோ நீண்டகாலக் குத்தகைக்கு விடவோ அந்தச் சேகரத்தின் சபைக்கூட்டம் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். சொத்து, அதைச் சட்டப்படி வைத்திருக்கும் திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பது சபையாரைக் கேட்காமல் இருக்கக் காரணமாகாது. குருவானவரை மாற்றுமுன் அவரையும் சேகரத்தையும் ஒரு குழு கேட்டறிய வேண்டும், தண்டனை மாறுதல் கூடாது. ஓய்வுபெறும் வயதைப் பதவியில் இருப்பவர்கள் தங்களுக்காகவே நீட்டிக்கொள்ளக் கூடாது. இவற்றில் முதல் இரண்டுக்கும் புதிய விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனமுள்ள ஒரு பேராயர் அடுத்த பெருமன்றக் கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவரலாம். அப்படிக் கொண்டுவருபவர் எந்த அணியைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம்.