பிளானை ஏற்றும் முன் ரூட்டரைப் பாருங்கள்

வீட்டில் நெட் சுற்றிக்கொண்டே நின்றால் சேலம், நாமக்கல் பக்கம் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாக்ஸை அணைச்சுப் போடுங்க. அப்பவும் சரியாகலைன்னா அடுத்த பிளானுக்குப் போயிடுங்க." லைன் போட வருபவர் சொல்வதும் மொபைல் கடைக்காரர் சொல்வதும் இதையேதான். ரூட்டரில் இந்த நொடி எவ்வளவு டேட்டா ஓடுகிறது என்று பார்ப்பது கம்ப்யூட்டர் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணம் தவறு. மாதாமாதம் பல வீடுகளின் பணத்தை இது வீணாக்குகிறது. இதற்குச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. "பிளானை ஏற்றினால் சரியாகிவிடும்"

நெட் மூன்று இடங்களில் தடைபடலாம்: ரூட்டருக்கும் போனுக்கும் இடையிலுள்ள வைஃபையில், வீட்டுக்குள் வரும் லைனில், வீட்டுக்கு வெளியே கம்பெனியின் வலையமைப்பில். பெரிய பிளான் இரண்டாவதற்கு மட்டுமே மருந்து.

விலை குறைந்த போன்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒற்றை ஆன்டெனாவுடன் இயங்குபவை. வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அப்படிப்பட்ட போன் வைஃபை 4 முறையில் அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ் இணைப்பையே பெறும். கையில் கிடைப்பது அதைவிடவும் நன்றாகக் குறையும். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினாலும் அந்த போனுக்கு ஒன்றும் மாறாது. பழைய ரூட்டர்களில் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். அதில் 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் 95-ஐத் தாண்டாது.

நம் தேவையும் நாம் நினைக்கும் அளவு பெரிதல்ல. முழு எச்டி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. ஒரு டிவியும் நான்கு போனும் உள்ள வீட்டில் மாலை நேர ஓட்டம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்தால், பிளானை ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

2. "ஸ்பீட் டெஸ்ட் போட்டால் போதாதா?"

போதாது. லைனில் அந்த நேரத்தில் மிச்சம் இருக்கும் இடத்தைத்தான் ஸ்பீட் டெஸ்ட் காட்டும். ஹாலில் டிவி ஓட, இன்னொரு போன் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்க, நீங்கள் டெஸ்ட் போட்டால் 100-க்கு 55 என்று வரலாம். உடனே "கம்பெனி பாதியைத்தான் தருகிறது" என்று கோபம் வருகிறது. மீதி 45 வீட்டுக்குள்ளேயே செலவாகிக்கொண்டிருப்பதை ரூட்டர்தான் சொல்லும். டெஸ்டை வைஃபையில் போட்டால் வைஃபையின் குறையும் லைனின் கணக்கில் சேர்ந்துவிடும்.

3. "அன்லிமிடெட்தானே, கணக்கு எதற்கு?"

வீட்டு ஃபைபர் பிளான்கள் பலவற்றில் மாதம் 3300 ஜிபி என்ற வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் இறங்கிவிடும். சாதாரண வீடு அதைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் டவுன்லோடு கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் அப்லோடை மறந்துவிடுகிறார்கள். நம் வட்டாரத்தில் சிக்கல் வரும் இடம் அதுதான்.

இளம்பிள்ளையில் சேலையை வீடியோவில் காட்டி விற்கிறார்கள். கோழிப்பண்ணையிலும் தறிக்கூடத்திலும் கேமரா வைத்துவிட்டு வெளியூரிலிருந்து போனில் பார்க்கிறார்கள். ஒரு முழு எச்டி கேமராவின் காட்சி 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை எடுக்கும். காட்சி அங்கேயே ஹார்டு டிஸ்கில் பதிவானால் நெட் செலவாகாது. வெளியிலிருந்து பார்த்தாலோ கிளவுடில் சேமித்தாலோ முழுக்க அப்லோடில் போகும். நான்கு கேமரா என்றால் 8 முதல் 16. அதே நேரத்தில் யாருடைய போனாவது படங்களை பேக்கப் செய்யத் தொடங்கினால் மிச்சமுள்ள அப்லோடையும் அதுவே நிரப்பிவிடும். அப்லோடு நிரம்பிவிட்டால் டவுன்லோடும் தடுமாறும். "வந்து சேர்ந்தது" என்று போன் திருப்பி அனுப்பும் சிறு தகவல்கள்கூட ரூட்டரின் வரிசையில் காத்துக் கிடக்கும். அதனால்தான் ஆன்லைன் வகுப்பில் குரல் விட்டுவிட்டு வருகிறது. இதற்கு மருந்து அந்த வரிசையை ஒழுங்குபடுத்துவது. எஃப்க்யூ கோடெல் என்ற முறை 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற இலவச மென்பொருள் உள்ள ரூட்டர்களில் அதை இயக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் வாடகை இல்லை.

4. "அணைத்துப் போட்டால் சரியாகிறதே!"

சரியாவது போலத் தெரிகிறது. பாக்ஸை அணைத்ததும் ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பும் அப்டேட்டும் அறுந்துவிடுகின்றன, வரிசை காலியாகிறது. சற்று நேரத்தில் அதே போன் விட்ட இடத்திலிருந்து தொடங்கும், அதே சிக்கல் திரும்பும். இதில் இன்னொரு நஷ்டம், அணைத்தவுடன் பெரும்பாலான ரூட்டர்களில் டேட்டா எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். எது நெட்டை அடைத்தது என்பதற்கான தடயமும் அதோடு அழிகிறது. அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி எண்களைப் பாருங்கள்.

5. "அதெல்லாம் இன்ஜினியர் வேலை"

இபி மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பார்த்து, 500-ஐத் தாண்டாமல் கவனமாக இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வித்தையே இல்லை. போனின் பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில ரூட்டர்களில் வேறு எண் இருக்கும், பாக்ஸின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அது அச்சாகியிருக்கும். உள்ளே போய் 'ஸ்டேட்டஸ்' பகுதியில் 'வான்' (WAN, அதாவது வீட்டுக்கு வரும் லைன்) என்ற வரியைப் பாருங்கள். வந்த பைட், போன பைட் என்று இரண்டு எண்கள் இருக்கும். போன பைட்டைக் குறித்துக்கொண்டு, சரியாக ஒரு நிமிடம் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி குறியுங்கள். வித்தியாசம் 45 எம்பி என்றால் எட்டால் பெருக்கினால் 360 மெகாபிட், அறுபதால் வகுத்தால் 6 எம்பிபிஎஸ். அவ்வளவு அப்லோடு அந்த நிமிடத்தில் போயிருக்கிறது. வான் வரியில் 'ரிசீவ்டு' என்பது டவுன்லோடு. வைஃபை வரியில் 'சென்ட்' என்பதுதான் டவுன்லோடு, ஏனென்றால் அங்கே ரூட்டர் உங்கள் போனுக்கு அனுப்புகிறது. இதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

6. "கம்பெனி கொடுத்த பாக்ஸில் ஒன்றும் தெரியாது"

இதில் உண்மை இருக்கிறது. சில பாக்ஸ்களில் மொத்த எண்ணிக்கை மட்டும் இருக்கும், எந்த போன் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. சில கம்பெனிகள் அந்தப் பக்கத்தையே பூட்டி வைக்கின்றன. அப்போதும் வழி உண்டு. கம்பெனி பாக்ஸுக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை வைத்தால் கணக்கு உங்கள் கைக்கு வரும். ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டரில் வேகம் ஏறி இறங்குவதை அந்தந்த நேரத்திலேயே கோடாகப் பார்க்கலாம். என்எல்பிடபிள்யூமான் என்ற நிரலைச் சேர்த்தால் கருவிவாரியாகவும் பிரித்துக் காட்டும். இந்தக் கணக்கில் முக்கியமாகத் தெரிவது அளவுதான். யார் என்ன பார்க்கிறார்கள் என்பது தெரியாது, அதனால் வீட்டில் யாரையும் வேவு பார்த்ததாகாது.

7. "பார்த்து என்ன ஆகப்போகிறது? கம்பெனி வைத்ததுதானே சட்டம்"

பார்ப்பவரால்தான் வாதாட முடியும். இந்தியாவில் ஒரு லைனை பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ்தான். அதுவும் 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து உயர்ந்தது. இவ்வளவு தாழ்ந்த வரம்பை நம்பி உட்கார முடியாது. ஜிபான் என்ற ஃபைபர் முறையில் 2.5 ஜிபிபிஎஸ் அளவிலான ஒரே ஃபைபரை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கு போடுகின்றன. தெருவே மாலையில் நெட்டில் இருக்கும்போது நெரிசல் வெளியே இருக்கவும் வாய்ப்புண்டு. வயர் போட்ட கம்ப்யூட்டரில் பெரிய ஃபைல் ஒன்றை இறக்கும்போது, வான் வரியில் வேறு ஓட்டமே இல்லாமல் வேகம் மட்டும் படுத்துக் கிடந்தால், பிழை உங்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. நாள், நேரம், எண் மூன்றையும் குறித்து வைத்துப் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012-இல் வகுத்த விதிப்படி அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். "நெட் ஸ்லோவா இருக்குங்க" என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது சுலபம், ஒரு வாரத்து எண்களைத் தட்டிக்கழிப்பது கடினம்.

ஆகவே புது லைன் போட வருபவரிடம் வைஃபை பாஸ்வேர்டோடு ரூட்டர் பக்கத்தின் லாகினையும் கேட்டு வாங்குங்கள். அவர் போனதும் அந்த லாகினின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்த முறை நெட் சுற்றினால் முதலில் வான் வரியைப் பாருங்கள். லைன் நிரம்பியிருந்தால் எது நிரப்புகிறது என்று தேடுங்கள். நிரம்பாமல் போன் மட்டும் தவித்தால் ரூட்டரை இடம் மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் கம்பெனியைக் கேளுங்கள். பிளானை ஏற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.