கணணிப் பக்கம்: பழைய கணணிக்குள் புதிய வின்டோஸ்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொவ்ற் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்புக் கொடுத்தது. இந்தச் செய்தி பாக் எக்ஸ்டென்சனிலும் கோட்-டெ-நேஜிலும் உள்ள எங்கள் வீடுகளுக்கு வேறு விதமாக வந்து சேர்ந்தது: "உங்கடை கணணி இனிச் சரிவராது, புதுசு வாங்குங்கோ." புதிதாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு ஒரு கிழமைச் சம்பளம் அதற்குக் காணாது. இல்லாவிட்டால், "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு போட்டுத் தாறம்" என்பார்கள். எம்மோடு வேலை செய்யும் ஒருவர் அப்படிக் கொடுத்து, ஊரில் தாயாரின் அந்தியேட்டிக்கு எடுத்த படங்கள் முழுவதையும் இழந்தார். கணணி இப்போது நன்றாக வேலை செய்கிறது. படங்கள்தான் இல்லை.

எதையும் அழிக்காமல் புதியதை வைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் வேர்ச்சுவல் மெசின். வீட்டுக்குள்ளேயே ஒரு அறையை மறைத்து, அதற்குத் தனிக் கதவும் தனி அடுப்பும் வைப்பது போல, ஓடிக்கொண்டிருக்கும் கணணிக்குள் இன்னொரு கணணியை உண்டாக்குவது. எண்ணம் புதியதல்ல. 1960களில் ஐ.பி.எம். தன் பெரிய கணணி ஒன்றைப் பலர் பாவிக்க, ஒவ்வொருவருக்கும் முழுக் கணணியும் தன்னுடையது என்று தோன்றும்படி செய்தது. இன்று அதையே வீட்டில் செய்ய வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஜேர்மனியில் இன்னோரெக் என்ற நிறுவனம் தொடக்கிய இது இப்போது ஒரக்கிள் நிறுவனத்திடம் இருக்கிறது.

உங்கள் கணணியில் 8 கிகாபைற் நினைவகமாவது வேண்டும். வின்டோஸ் 11 தனக்கே 4 கேட்கும், மிச்சம் வெளியே உள்ளதற்கு. நாலே நாலு உள்ள கணணியில் இதற்கு மினக்கெட வேண்டாம். வன்தட்டில் 64 கிகாபைற் என்று குறிக்க வேண்டும், ஆனால் அது நிரம்ப நிரம்பத்தான் இடம் பிடிக்கும். பிறகு மைக்ரோசொவ்ற் தளத்தில் வின்டோஸ் 11இன் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்குங்கள். வேர்ச்சுவல் பொக்ஸ் 7ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ எடுக்க வேண்டும். வின்டோஸ் 11 கேட்கும் ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லை மென்பொருளாகவே செய்து கொடுக்கும் வசதி 2022இல் வந்த அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது. தொடக்கவே மறுத்தால், பயோஸ் திரைக்குப் போய் வேர்ச்சுவலைசேஷன் என்பதைத் திறந்துவிடுங்கள்.

"தானாக நிறுவவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கேள்விகளுக்கு நீங்களே பதில் கொடுங்கள். மொழியும் விசைப்பலகையும் அங்கேதான் வரும். பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவர்கள் கனேடிய பிரெஞ்சு விசைப்பலகையை எடுத்தால், அக்சன் தேகு வைத்த எழுத்து ஒரே தட்டில் விழும். உரிமச் சாவி கேட்டால், இல்லை என்று தாண்டிச் சென்று பார்க்கலாம். தொடர்ந்து பாவிக்க வேண்டுமானால் உள்ளே உள்ளதற்கும் தனி உரிமம் வேண்டும்.

நடுவில் ஒரு திரை வன்தட்டில் எந்தப் பகுதியில் நிறுவுவது, இருப்பதை அழிக்கவா என்று கேட்கும். பலர் பயந்து நிறுத்துவது இந்த இடத்தில். அது காண்கிற வன்தட்டு, உங்கள் கணணியில் கிடக்கும் ஒரே ஒரு கோப்பு மட்டுமே. உங்கள் படங்களும் அகதிக் கோரிக்கைப் பத்திரங்களும் அதன் கண்ணுக்குத் தெரியாது. (இருந்தாலும் அவற்றின் பிரதி ஒன்று வெளித்தட்டில் எப்போதும் இருக்கட்டும்.)

நிறுவி முடிந்ததும் ஸ்னப்ஷொட் ஒன்று எடுத்து வையுங்கள், எதைக் குழப்பினாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். பிறகு பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்து பாருங்கள். எங்களவர் பாமினியில் அடித்து வைத்த கடிதங்களும் கோவில் அறிவித்தல்களும் இன்னும் எத்தனையோ வீடுகளில் உள்ளன. பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அது இல்லாத கணணியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். எழுத்துருக் கோப்பை உள்ளே கொண்டுபோய் நிறுவினால் தமிழ் திரும்பி வரும்.

ஆனால் உள்ளே வின்டோஸ் 11 ஓடுகிறது என்றபடியால் உங்கள் கணணியே அதை ஏற்கும் என்று எண்ண வேண்டாம். அறைக்குள் இருந்த ரி.பி.எம். மென்பொருள், வெளியே கணணியிலேயே அது இருக்க வேண்டும். மைக்ரோசொவ்ற்றின் பீ.சி. ஹெல்த் செக் அதைச் சொல்லும். அறைக்குள் குடியிருக்கவும் முடியாது. வெளிக்கூரை ஒழுகினால் உள்ளறையும் நனையும்: வெளியே வைரஸ் இருந்தால், உள்ளே நீங்கள் அடிக்கும் வங்கிக் கடவுச்சொல்லையும் அது படிக்கும்.

ஏற்காது என்று தெரிந்தால் குப்பைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ற் இலவசம், 4 கிகாபைற்றிலும் ஓடும். அதையும் முதலில் அறைக்குள் வைத்துப் பழகலாம். வைஃபை வேலை செய்யுமா என்பதை அறைக்குள் அறிய முடியாது, ஏனெனில் அங்கே இருப்பது பாவனை வலைஅட்டை. ஆகவே அடுத்து யு.எஸ்.பி. குச்சியிலிருந்து தொடக்கி வைஃபையையும் அச்சுப்பொறியையும் பாருங்கள். அதுவரை வன்தட்டில் எவரையும் கை வைக்க விடாதீர்கள்.