அணியும் அநீதியும்

கவிதையிலே அணிகளைத் தேடிக் கணக்கெழுதுவதே திறனாய்வு என்று நம்புவோர் ஒருபுறம். கருத்து நல்லதாயின் போதும், அணியாராய்ச்சி பண்டிதர் வேலை என்று தள்ளிவிடுவோர் மறுபுறம். இரு சாராரும் பகைவர்போலத் தோன்றினும், கவிதையைக் கொல்வதில் ஒன்றுபட்டவரே. இதனை நிறுவ ஒரே கவிதை போதும் என்கிறோம்.

புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றி ஆங்கிலக் கவிஞன் வில்லியம் பிளேக் 1789-இல் வெளியிட்ட கவிதையே அது. அக்கால இங்கிலாந்தில் ஏழைப் பெற்றோர் விற்ற பிள்ளைகளும் அநாதைகளும் குறுகிய புகைபோக்கிகளுள் ஏறிக் கரி சுரண்டினர். எட்டு வயதுக்குட்பட்டோரை இத்தொழிலிற் சேர்க்கலாகாதென 1788-இல் சட்டம் பிறந்தது, ஏட்டோடு நின்றது. இத்தொழிலாளரைப் பீடித்த புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணமென மருத்துவர் பேர்சிவல் பொட் 1775-இலேயே எழுதியிருந்தார். இக்குழந்தைகளுக்குச் சாவு வெறும் கற்பனைப் பொருள் அன்று.

கவிதையிலே தாயை இழந்து, தந்தையால் விற்கப்பட்ட சிறுவன் பேசுகிறான். தொழிலைக் கூவவும் நாத் திருந்தாத வயது. மழலையில் முதல் ஒலி கெட, துடைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அழுதலைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. சிலேடை என்றெழுதி இரண்டு புள்ளி பெறலாம். ஆனால், பிழைப்புக்கான கூவலும் குழந்தையின் அழுகையும் ஒன்றாகிவிட்ட கொடுமையை உணராத மாணவன் எதனைக் கற்றான்?

மொட்டையடிக்கப்பட்ட இன்னொரு சிறுவனின் சுருள்முடி ஆட்டுக்குட்டியின் முதுகுக்கு ஒப்பாகிறது. உவமை என்பர், பலிக்குரிய உயிர் என்ற குறிப்பு அதனுள் உறைவதைக் காணார். அவன் கனவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கரிய சவப்பெட்டிகளுள் பூட்டப்பட்டிருக்க, தேவதூதன் திறந்துவிடுகிறான். பெட்டி புகைபோக்கிக்கு உருவகம் என்பதோடு நிற்பதா? வெயிலில் விளையாடுவதற்கே இப்பிள்ளைகள் செத்தாக வேண்டும் என்பதன்றோ அதன் குற்றச்சாட்டு!

இனி, கருத்து மட்டும் போதுமென்போரைக் கேட்கிறோம். கடமையைச் செய்வோர்க்குத் தீங்கில்லை என்று கவிதை முடிகிறது. கருத்தை மட்டும் உரித்தெடுத்தால், கையில் மிஞ்சுவது முதலாளியின் உபதேசமே! பிளேக் முதலாளியின் கையாளா? அல்லன். குளிரிருட்டில் கரிப்பையோடு எழும் குழந்தையின் வாயில் வைத்தமையாலேயே அவ்வுபதேசம் பொய்யாகிறது. சொல்பவன் நம்புகிறான்; கேட்கும் நாமோ பதறுகிறோம். இவ்விடைவெளியே அங்கதம், கவிஞனின் கோபம் குடியிருப்பதும் அங்கேதான். 1794-இல் வந்த இணைக்கவிதையில் தேவாலயத்தையும் அரசையும் குழந்தையே நேர்நின்று குற்றஞ்சாட்டுகிறது.

குழந்தைகளைப் புகைபோக்கியில் ஏற்றும் வழக்கம் 1875-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒழியவில்லை. கவிதை சட்டம் இயற்றுவதில்லை. இனிய உபதேசத்தின் பின்னே நிற்பவர் யாரென்று கேட்கப் பழக்குகிறது. இது என்ன அணி என்று கேட்கும் ஆசிரியர், இதனை யார் சொல்கிறார், இதனால் யாருக்கு இலாபம் என்றும் கேட்கவேண்டும். அவ்வினாக்கள் எழாத வகுப்பறையிலே அணியும் வீண், கருத்தும் வீண்.