சாவி இல்லாத வீடு

எதிர் வீட்டுப் பையன் ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கின பழைய ஐபோனைக் கொண்டுவந்து காட்டினான். ஆன் பண்ணினால் முன்னாள் சொந்தக்காரரின் பாஸ்வேர்டு கேட்கிறது. விற்றவர் நம்பரோ ஸ்விட்ச் ஆஃப்.

"கடையில குடுத்தா அழிச்சுத் தருவாங்களா சார்?"

அழித்தாலும் போகாது. பூட்டு ஆப்பிள் கம்பெனி சர்வரில் அல்லவா இருக்கிறது! திருடனை மடக்க 2013-ல் வந்த ஏற்பாடு. ஆண்ட்ராய்டில் இதே மாதிரி 2015-ல் வந்தது. திருடன் சமர்த்து, போனை நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்களே, *#06# அடித்து, வருகிற 15 இலக்க எண்ணை அரசாங்கத்தின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபாருங்கள். பணம் கொடுக்குமுன் விற்பவரை எதிரே உட்காரவைத்து, அவர் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். "பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சாவி இல்லாமல் வீடு விற்கிறவருக்கு அநேகமாக அது சொந்த வீடாக இருக்காது.