பக்கத்து வீட்டுல இருக்கறதுக்கு சிங்கப்பூர் போகணுமா?



ஒரு பனியன் எப்படி உருவாகுதுன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங் ஒரு இடம், பவர் டேபிள் இன்னொரு இடம். எல்லாமே டெம்போ போய் வர்ற தூரம்தான். அனுப்பர்பாளையத்துல வெட்டின துணியை சிங்கப்பூருக்கு அனுப்பி, திரும்ப வரவழைச்சு பெருமாநல்லூர்ல தைக்கச் சொன்னா எந்த முதலாளியாவது ஒத்துக்குவாரா?

ஆனா இன்டர்நெட்டில் அப்படித்தான் நடந்திருக்கு! ஒரே ஊர்ல ரெண்டு பேர் வேற வேற கம்பெனி இணைப்பு வச்சிருந்தா, ஒருத்தர் அனுப்பின தகவல் கடலுக்கு அடியில கேபிள் வழியா வெளிநாடு போயிட்டு அடுத்த தெருவுக்கு வரும். கடல் கேபிளுக்கு செலவு அதிகம். அதைக் குறைக்கத்தான் 2003-ஆம் ஆண்டு 'நிக்ஸி' என்ற தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். கம்பெனிகள் தகவலை நாட்டுக்குள்ளேயே கைமாத்திக்கிற இடம் அது. சென்னையிலும் இருக்கு.

2001-ல் பிராம் கோஹன் என்பவர் பிட்டோரண்ட் கண்டுபிடிச்சார். முன்பக்கம், பின்பக்கம், கைன்னு துணியை வெட்டுற மாதிரி பெரிய பைலைத் துண்டு துண்டாக்கி, வச்சிருக்கறவங்க ஒவ்வொருத்தர்கிட்ட இருந்தும் ஒரு துண்டு வாங்கிச் சேர்க்கும். (புதுப்படம் திருடறதைப் பத்தி நான் பேசலை. கத்தியால காயும் நறுக்கலாம்.) நல்ல யோசனைதான். ஆனா யார்கிட்ட வாங்கறதுன்னு அது தூரம் பார்க்கறதில்லை. பக்கத்து வீட்டுல அந்தத் துண்டு இருந்தாலும் பிரேசில்ல இருந்து எடுக்கும்.

2008-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் வெரைசன் கம்பெனியோட சேர்ந்து, 'முதல்ல பக்கத்துல கேளு'ன்னு சொல்லித்தர்ற முறையைச் சோதிச்சாங்க. சராசரியா 5.5 ஊர் இணைப்பைத் தாண்டி வந்துட்டிருந்த தகவல் 0.89 ஆகக் குறைஞ்சது. பைல் அதேதான், அலைச்சல்தான் மிச்சம். விண்டோஸிலும் இப்போ இந்த வசதி உண்டு. ஒரே இணைப்புல இருக்கற கம்ப்யூட்டர்கள் அப்டேட்டை ஒன்னுகிட்ட இருந்து ஒன்னு வாங்கிக்கும்.

இனி நம்ம விஷயத்துக்கு வர்றேன். கிளாஸ் குரூப்ல ஒரு பாட வீடியோ வருது. 60 எம்.பி.ன்னு வச்சுக்குவோம். நாற்பது பேரும் தனித்தனியா இறக்கினா 2400 எம்.பி. எல்லாம் அதே டவர் வழியா, அதே ராத்திரி எட்டு மணிக்கு, அப்பா அம்மா கம்பெனி விட்டு போனோட வந்த பிறகு. அந்த நேரம்தான் எங்க லைன் வீட்டுல இருக்கற ஒடிசா அக்கா ஊர்ல விட்டுட்டு வந்த குழந்தையை வீடியோ கால்ல பார்ப்பாங்க. குழந்தை முகம் அப்படியே நின்னு போகும். அக்கா போனைத் தூக்கிட்டு மாடிப்படிக்கு ஓடுவாங்க.

லைன் வீட்டுல அஞ்சு பேர் ஒரே பாடம் படிச்சா ஒருத்தர் இறக்கினா போதும் என்பது என் கருத்து. மத்தவங்க குவிக் ஷேர்ல வாங்கிக்கலாம். போனும் போனும் நேரா பேசிக்கும், டவருக்கு வேலையே இல்லை. 300 எம்.பி. ஆகறது 60 எம்.பி.யில முடியும். ஒருத்தர் டேட்டாவே எப்பவும் கரையக் கூடாது, அதனால வாரத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்கணும்.

'தினமும்தான் ஒன்றரை ஜி.பி. கிடைக்குதே, மிச்சம் பண்ணி என்ன?'ன்னு சில பசங்க கேக்கறாங்க. ரீசார்ஜ் பண்ணினவங்களுக்குத்தான் ஒன்றரை ஜி.பி.! நம்ம ஊர்ல சம்பளம் சனிக்கிழமை. புதன்கிழமை பேக் முடிஞ்சா மூணு நாள் ஒன்னும் வராது. குவிக் ஷேருக்கு பேக் வேண்டாம். அறிவியல் வீடியோ என்கிட்ட இருக்கு, வேணும்கிறவங்க சாயங்காலம் போனோட வாங்க.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி