தை முகூர்த்தமும் மல்லிகை விலையும்



தை பிறந்தால் விருதுநகர், சிவகாசிப் பக்கம் கல்யாண மண்டபம் கிடைப்பது அரிது. அந்த மாதத்தில்தான் பனியால் பூ வரத்துக் குறைந்து மல்லிகை விலை ஏறுகிறது. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் சில ஆண்டுகளில் கிலோ 3,000 ரூபாயையும் தாண்டியிருக்கிறது. பட்டாசு ஆலையில் வாரக்கூலி வாங்கும் பெற்றோர் பூவுக்காகக் கடன்படுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி மணப்பெண்ணின் கூந்தலுக்கு இருக்கட்டும். மணமேடை முழுக்க அது எதற்கு? மாலைக்குச் சம்பங்கியும் அரளியும் போதும். பந்தலுக்குத் தென்னங்குருத்துத் தோரணம், கமுகம்பாளை, மாவிலை, குலை தள்ளிய வாழை: இந்த அழகுக்கு எந்த வெளியூர்ப் பூவும் ஈடாகாது என்பேன். மல்லிகையை முழக்கணக்கில் வாங்காமல், முதல் நாள் காலையில் உதிரி மொட்டாக வாங்கினால், வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து தொடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடலாம்.

சில மண்டபங்களில், நிர்வாகத்தினர் சொல்லும் அலங்காரக்காரரைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். இது ஏழை வீட்டுக் கல்யாணத்தில் பெரும் சுமை. நம் ஊர்களின் உறவின்முறை மண்டப நிர்வாகிகள், அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை என்று பலகை வைத்து வழிகாட்ட வேண்டும். காலையில் ஒரு வீட்டுத் திருமணம், மாலையில் வேறு வீட்டு வரவேற்பு என்றால், மேடை அலங்காரச் செலவை இருவரும் பகிர்ந்துகொள்ளவும் ஏற்பாடு செய்யலாம்.

- ஒரு வாசகி, சிவகாசி