கேட்காமலே ஓடுற படம் எதுக்கு?



போன மாதம் இதே சுவரில் "செல்போன் நன்மையா, தீமையா" என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தச் சண்டைக்கு வரலை. போன் வீட்டுக்கு வந்தாச்சு. அந்தப் போனில் நாம் கேட்காத படமும் வீடியோவும் தானாக இறங்குதே, அதை முதல்லயே நிறுத்தி வைக்கணும். தேவைப்பட்டால் நாமே தொட்டுத் திறந்துக்கலாம். இதுதான் என் கருத்து.

எங்க வீட்டில் ஒரே போன்தான், அப்பாவுடையது. ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபி. அப்பா வேலை முடிஞ்சு ஏழரைக்கு வருவாங்க. வந்ததும் தம்பி பிடுங்கிக்குவான். அவன் ஒரு வீடியோ பார்த்தால் அடுத்தது தானா ஓடும், அதுக்கடுத்ததும் தானா ஓடும். எட்டரைக்கு என் கைக்கு வரும்போது "உங்கள் டேட்டா முடிந்தது" என்று மெசேஜ் வந்திருக்கும்.

ஒருநாள் அப்படித்தான் ஆச்சு. ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொடுக்க மறுநாள் சாயங்காலம் கடைசி. எந்தெந்தச் சான்றிதழ் வைக்கணும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருக்காங்க என்றார்கள். திறந்தேன். மேலே விழாப் படங்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு நகர, கீழே ஒரு வீடியோ. ஒரு மணி நேரம் வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தா "போனைத் தட்டிப் பாரு"ன்னாங்க. தட்டியும் பார்த்தேன்!

காலையில் அம்மா களையெடுக்கப் போகாம டவுனுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தாங்க. பஸ் இலவசம்தான், ஆனா அரைநாள் கூலி போச்சு. தாளில் இருந்தது மூணே வரி. அந்த மூணு வரிக்காகத்தான் இவ்வளவும்.

இதைக் கம்ப்யூட்டர் டீச்சரிடம் சொன்னேன். லேப்பில் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியா மூணு பைட் ஆகுமாம். அப்படிப் பார்த்தாலும் இந்தத் தாள் முழுக்க டைப் பண்ணினால் சுமார் 15 கேபிதான் வரும். நல்ல கேமராவில் எடுத்த ஒரு போட்டோ 3 எம்பி இருக்கும். அதாவது என்னுடைய கட்டுரை மாதிரி 200 கட்டுரை!

இன்னொன்றும் சொன்னாங்க. டேட்டா முடிந்தாலும் நெட் அடியோடு நிற்பதில்லை. எங்க பேக்கில் 64 கேபிபிஎஸ் வேகத்துக்குக் குறைந்துவிடும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அப்போ வினாடிக்கு 8 கேபி. இந்தக் கட்டுரை இரண்டே வினாடியில் வந்துவிடும். அந்த ஒரு போட்டோவுக்கு ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். படம் நிறுத்தியிருந்தால் அன்னிக்கு ராத்திரியே அந்த மூணு வரியை நான் படிச்சிருப்பேன் இல்லையா? எனக்கு இதுதான் ரொம்ப வயித்தெரிச்சல்.

ஆரம்பத்தில் இப்படி இல்லையாம். 1992-ல் வந்த லிங்க்ஸ் என்ற பிரவுசரில் எழுத்து மட்டும்தான் வரும். 1993-ல் மொசைக் வந்த பிறகுதான் எழுத்துக்கு நடுவில் படம் பார்க்கிற பழக்கம் எல்லாருக்கும் பரவியது. அதுக்கப்புறம் வந்த நெட்ஸ்கேப்பில் படங்களைத் தானாக ஏற்றவா வேண்டாமா என்று மெனுவிலேயே ஒரு டிக் இருந்தது. அமெரிக்காக்காரங்களுக்கு நெட் மெதுவாக இருந்த காலத்தில் அவங்க கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச் வைத்துக்கொண்டார்கள். இப்போ மெதுவாக இருப்பது நமக்கு, சுவிட்ச்சை மட்டும் ஏழு கதவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க. 2018-ல் குரோம் பிரவுசர் தானா ஓடும் வீடியோவின் சத்தத்தைத் தடுத்தது. நல்லதுதான். ஆனா சத்தமில்லாம ஓடினாலும் டேட்டா போகுதே!

டேட்டா மட்டுமில்லை. ஒருநாள் சமையல் குறிப்பு பார்க்கப் போன அம்மா முன்னாடி ஒரு ரோடு விபத்து வீடியோ தானா ஓடிடுச்சு. பக்கத்தில் தம்பியும் இருந்தான். அன்னிக்கு ராத்திரி பூரா அவன் லைட்டை அணைக்க விடலை. "இதைப் பார்க்கிறாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என் தோழி ஒருத்தி, "படமே இல்லாட்டி அறிவியல் எப்படிப் புரியும்? இதயத்தோட படத்தைப் பார்க்காம ஆரிக்கிள், வென்ட்ரிக்கிள் விளங்குமா?"ன்னு கேட்டாள். நியாயமான கேள்வி. இதயத்தின் படம் வேணும்னா அதைத் தொட்டுத் திறக்கலாம், பக்கத்தில் ஓடும் சேலை விளம்பரம் எதுக்கு? ஆனா அவள் கேட்ட இன்னொன்றுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. நிறைய பேர் அறிவிப்பையே போட்டோ எடுத்துத்தான் போடுறாங்க. படத்தை நிறுத்தினால் அறிவிப்பும் போயிடும். அப்படிப் போடுறவங்க ரெண்டு வரி டைப்பும் பண்ணணும். படத்துக்குப் பதிலாகக் காட்டும் விளக்கம் எழுதவும் வலைப்பக்கத்தில் இடம் இருக்காம். பார்வையில்லாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டுவது அதைத்தானாம். அதைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள் என்று டீச்சர் வருத்தப்பட்டாங்க.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில், மொபைல் டேட்டாவுக்கான டிக்குகளை எடுங்க. போனில் ஃபயர்பாக்ஸ் இருந்தால், செட்டிங்ஸ் உள்ளே ஆட்டோபிளே என்று இருக்கும். மொபைல் டேட்டாவில் மட்டும் தடுக்கவும் வழி உண்டு. கம்ப்யூட்டரில் குரோம் என்றால் சைட் செட்டிங்ஸில் இமேஜஸ். வீட்டில் பெரியவங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. நான் கேட்காம செஞ்சு, "வாட்ஸ்அப்ல போட்டோவே வரலை"ன்னு அப்பாகிட்ட திட்டு வாங்கினேன். பிறகு கணக்கைச் சொன்னதும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க.

தம்பிதான் ரெண்டு நாள் என்கூடப் பேசலை. நேத்து ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தால் 600 எம்பி மிச்சம் இருந்துச்சு. அதில் அவனுக்கு ஒரு கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன், அவனே தேர்ந்தெடுத்தது.

— 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு